சிவப்பு மை படாத சீட்டுகள்

சத்துணவுத் தட்டு எடுக்க ஓடிய அவசரத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னொருவனின் கால் விரலை மிதித்துவிட்டான். மிதிபட்டவன் ஒற்றைக் காலில் நின்று அழுதான். "சாரி சொல்லு" என்றேன். மிதித்தவன் சுவரில் மாட்டியிருந்த காமராஜர் படத்தைப் பார்த்துக்கொண்டே "சாரி" என்றான். இரண்டடி நகர்ந்ததும் கீழே கிடந்த யாருடைய கணக்குப் புத்தகத்தின் மேலோ அவன் கால் பட்டது. இந்த முறை நான் வாய் திறக்கவில்லை. அவனே சட்டென்று குனிந்து, அட்டையைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு ஓடினான்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகத்திடம் தானாகக் குனியத் தெரிந்த பையன் அவன். அதை அவனுக்கு யாரும் அதட்டிச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பாட்டியோ அக்காவோ செய்வதைப் பார்த்திருப்பான், அவ்வளவுதான். நான் அதட்டி வாங்கிய சாரியோ காமராஜருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆரணிப் பக்கம் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் 2003-ல் வேலைக்குச் சேர்ந்தேன். ஆரம்பத்தில் தப்பு செய்தவனுக்குப் பத்து தோப்புக்கரணம். கல்வி உரிமைச் சட்டம் வந்ததும், அதன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது என்றார்கள். தோப்புக்கரணம் போய், "சாரி சொல்லு, கை குடு" வந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளைகளுக்கென்று கா, பழம் என்று தனிச் சட்டமே இருக்கிறது. சண்டை வந்தால் கா விடுவார்கள், சாயங்காலத்துக்குள் பழம் விடுவார்கள். விரலோடு விரல் சேர்ந்தால் சரியாகிவிட்டது. யார் செய்தது தப்பு என்ற பேச்சே எழாது. அழகான ஏற்பாடுதான். ஆனால் எப்போதும் ஒரே பிள்ளைதான் அடி வாங்குகிறது, எப்போதும் அதே பிள்ளைதான் முதலில் பழம் விடுகிறது. அதைக் கவனிக்க எனக்குப் பல வருடம் ஆனது.

சரி, கதை சொல்லிப் பார்ப்போம் என்று முதலில் எடுத்தது கீரிப்பிள்ளை கதை. தொட்டிலில் குழந்தை, காவலுக்குக் கீரி, அம்மா தண்ணீருக்குப் போகிறாள். பாம்பு வருகிறது. அதைக் கடித்துக் கொன்றுவிட்டு வாயெல்லாம் ரத்தமாக வாசலில் வந்து நிற்கிறது கீரி. பிள்ளையைத்தான் கொன்றுவிட்டது என்று நினைத்து அவள் அதை அடித்துக் கொன்றுவிடுகிறாள். உள்ளே போனால் குழந்தை சிரிக்கிறது. அவசரப்படாதே என்று ஒரு நீதியைச் சொல்லி முடிப்பதுதான் வழக்கம். அன்று நீதிக்கு முன்பே மணி அடித்துவிட்டது. நல்லவேளை. மறுநாள் மூன்றாம் பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "கீரிகிட்ட யாரு டீச்சர் சாரி சொன்னது?"

இதே கதை சிலப்பதிகாரத்தில், அடைக்கலக் காதையில் வருகிறது. கீரியைக் கொன்ற பார்ப்பனியைக் கணவன் விட்டுவிட்டுப் போகிறான். அவளுடைய பாவம் தீரக் கோவலன் தன் செல்வத்திலிருந்து தானம் செய்து, போன கணவனையும் சேர்த்து வைக்கிறான். கோவலன் நல்லவன் என்பதற்குச் சான்றாக இதை நாம் படித்திருக்கிறோம். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பிறகு படித்தால் ஒன்று உறுத்துகிறது: தானம் வாங்கியவர்கள் உண்டு, கீரிக்கு ஒன்றும் இல்லை. என் வகுப்பு அதைச் சும்மா விடவில்லை. கீரிக்கு ஒரு குட்டி இருந்தது என்றார்கள். அந்த அம்மா தினமும் அதற்குப் பால் வைக்க வேண்டும், அது முதல் நாளே வந்து குடிக்காது, பயப்படும் என்றார்கள். எத்தனை நாள் வராது என்பதில் சண்டையே வந்தது. பத்து நாள் என்று முடிவானது.

மன்னிப்பைப் பற்றி எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அடுத்து பாண்டியன் கதை. இதில் பிள்ளைகளைக் கட்டிப்போடச் சிரமமே இல்லை. ராணியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் மாணிக்கப் பரல் தெறித்து ராஜாவின் வாயருகே போகும் இடத்தில் வகுப்பே வாயைப் பொத்திக்கொள்ளும். "யானோ அரசன், யானே கள்வன்" என்று சொல்லிவிட்டு விழுந்து சாகிறான். எத்தனை பெரிய ராஜா தன் தப்பை ஒத்துக்கொண்டான் பாருங்கள் என்று நான் இழுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "செத்துப் போயிட்டா அந்தம்மாவுக்கு யாரு சோறு போடுவா?" காப்பியச் சுவையில் திளைத்திருந்த எனக்கு மூஞ்சியில் தண்ணீர் அடித்ததுபோல் இருந்தது. கேட்டவனுடைய அப்பா இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அப்போதைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்தவும் இல்லை. ஆனால் ராஜாவைப் புகழ்வதை விட்டுவிட்டேன்.

காந்தி கதை அக்டோபரில் வரும். பதினைந்து வயதில், கடன் அடைக்க அண்ணனின் கைக்காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்துவிடுகிறார். மனசு அடித்துக்கொள்கிறது. வாயால் சொல்லத் துணிவில்லாமல் ஒரு சீட்டில் எழுதி, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த அப்பாவிடம் நீட்டுகிறார். எனக்குத் தண்டனை கொடுங்கள், என் தப்புக்காக உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள் என்று அதில் இருந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து படிக்கிறார், கண்ணீர் சீட்டில் விழுகிறது, கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறார். ஒரு வார்த்தை இல்லை. "அடிக்கவே இல்லியா?" என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். அப்பா தங்களில் யாரையும் அடித்ததாக நினைவில்லை என்று காந்தியே எழுதியிருக்கிறார் என்பேன். நம்ப மாட்டார்கள்.

அந்தச் சீட்டு அவர்களுக்குப் பிடித்துப்போனது. வாயால் சொல்ல வேண்டாம், முகத்தைப் பார்க்க வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடலாம். முதலில் வந்த சீட்டு இப்படி இருந்தது: "உன் பெண்சிலை நான் தான் ஒடச்சேன் நாலைக்கி புதுசு தறேன்." கை தானாகச் சிவப்பு மைப் பேனாவைத் தேடியது. எழுத்துப் பிழைக்கும் பிழைதான் பெயர், செய்த தப்புக்கும் பிழைதான் பெயர். ஒரு பிழையை ஒத்துக்கொள்ள வந்தவனிடம் இன்னும் நான்கைச் சுழித்துக் காட்டினால் அடுத்த சீட்டு வராது. சீட்டில் மட்டும் சிவப்பு மை படக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். எழுத வராதவர்கள் படம் வரைந்தார்கள். ஒருத்தியின் நோட்டைக் கிழித்த ஒருவன் சீட்டு தரவில்லை. கிழித்த ஏழு பக்கத்தையும் தன் கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்து அவள் பைக்குள் வைத்தான். சீட்டு எழுதிய கையோடு திரும்ப அதே ஆளைக் கிள்ளியவர்களும் உண்டு. கதை கேட்டுப் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்று எங்கள் கூட்டங்களில் சிலர் பேசும்போது எனக்குக் கொட்டாவிதான் வரும்.

இவ்வளவு கதை சொன்னவள் ஒரு கதையை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். போன வருடம்தான் அதையும் சொன்னேன். "ஒரு ஊர்ல ஒரு டீச்சர்" என்று ஆரம்பித்தேன்.

2009 டிசம்பர், கொடிநாள் வசூல். சாக்பீஸ் டப்பாவில் போட்டு வைத்ததாக நான் நினைத்திருந்த 85 ரூபாயைக் காணோம். மேசைப் பக்கம் கடைசியாக வந்து போனவன் ஒரு பையன். எல்லார் முன்னாலும் அவன் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். இரண்டு பலப்பம், ஒரு நசுங்கிய மூடி, பாதி தின்ற கொய்யா. மறுநாள் வருகைப் பதிவேட்டின் அட்டை உறைக்குள் பணம் இருந்தது. நானே செருகியது. யாரிடமும் சொல்லவில்லை. அவனை வகுப்புத் தலைவன் ஆக்கினேன். காரணம் புரியாமல் அவன் சந்தோஷப்பட்டான். பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டான். ஜூனில் வந்து டி.சி. வாங்கிக்கொண்டு ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனான்.

கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?" என்றாள். ஆரணியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான் என்றேன். எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் 40 நிமிடம்.

"அந்த டீச்சர் சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"ஏன், பேனா இல்லியா?"

மேசையைப் பார்த்தேன். ஒன்று இருந்தது. சிவப்பு மை.