குப்பி யார் கையில்?

வீடியோ கேம்களுக்கு வசனம் எழுதுவது என் வேலை. ஒரு கேமில் மந்திரவாதிகளை அடைத்து வைத்திருக்கும் கோபுரமும், அவர்களைக் கண்காணிக்கும் காவலர் தலைவனும் என் பங்குக்கு வந்தார்கள். முதல் வரைவில் அவனை உறுமவிட்டேன், கையில் சாட்டையும் கொடுத்தேன். சோதனைக்கு விளையாடியவர்கள் யாரும் அசரவில்லை. விரல் நுனியில் நெருப்பு வைத்திருப்பவன் சாட்டைக்கு ஏன் பயப்படணும்?

சரி, அதிகாரத்தை விதியாகவே வைத்துவிடலாம் என்று யோசித்தோம். மந்திரம் போட ஒவ்வொரு முறையும் காவலரின் அனுமதி வேண்டும், அதற்கு 8 நொடி காத்திருக்க வேண்டும். இரண்டாம் நாளே எல்லோருக்கும் எரிச்சல். 8 நொடி 3 ஆனது, அப்புறம் விதியையே தூக்கிவிட்டோம். காவலர்கள் தூணோடு தூணாக நின்றார்கள். இதில் பெரிய கைகளே சறுக்கியிருக்கின்றன. 2011-இல் வந்த 'டிராகன் ஏஜ் 2' கேமின் கதையில் பெரும் பங்கு, மந்திரவாதிகள் மீது அவர்களைக் கண்காணிக்கும் டெம்ப்ளர் வீரர்கள் காட்டும் கெடுபிடிதான். ஆனால் நாம் மந்திரவாதியாக விளையாடி, சண்டையில் ஊரறிய மந்திரம் போட்டாலும் நம்மைப் பிடித்துக்கொண்டு போக ஆள் வருவதில்லை.

அதே வரிசையில் அதற்கு முந்தைய 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' (2009) இந்த விஷயத்தில் கெட்டி. அதில் மந்திரவாதியின் இரத்தத்தை ஒரு குப்பியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஓடிப்போனால் அதை வைத்தே தேடிப் பிடித்துவிடலாம். ஜோவான் என்ற இளம் மந்திரவாதி தப்பிக்க நினைக்கும்போது கோபுரத்தின் கதவு அவனுக்குப் பிரச்சினையே இல்லை, முதலில் அந்தக் குப்பியை உடைத்தாக வேண்டும். அவனுடைய உணர்ச்சிகளையும் மந்திர சக்தியையும் பறிக்க உத்தரவுத் தாள் தயாராகி, டெம்ப்ளர் தலைவரின் மேசையில் கிடக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டிருப்பவர் மந்திரவாதிகளுக்கே தலைவரான இர்விங்! டெம்ப்ளர்களும் சுதந்திரமானவர்கள் இல்லை. அவர்கள் அடிமையாகிக் கிடக்கும் லிரியம் என்ற மந்திரப் பொருள், அவர்களை ஆளும் மத அமைப்பான சான்ட்ரியின் கையிலிருந்துதான் வர வேண்டும்.

அப்போது நான் ஒப்பந்த ஊழியன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் குழுத் தலைவர், அதாவது லீட், என் மேசைக்கு வந்தார். சனிக்கிழமை வர முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "உங்க ரெனீவல் பேப்பர் என்கிட்டதான் இருக்கு. அவசரமில்ல, மெதுவா பார்த்துக்கலாம்" என்றார், சிரித்துக்கொண்டே. நல்ல மனிதர், மிரட்டுகிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். "நாளைக்கு வந்துடறேன் சார்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமைதான் காவலர் தலைவனைத் திருத்தி எழுதினேன். சாட்டை போனது, 'ஒரிஜின்ஸ்' மாதிரி குப்பி வந்தது. இரவில் மந்திரவாதியின் அறை வாசலில் வந்து நிற்கிறான். "தூக்கம் வரலையா? கவலைப்படாதே, உன் குப்பி பத்திரமாக இருக்கிறது" என்கிறான். அவ்வளவுதான்.

அடுத்த சோதனையில் ஒரு பெண் அந்த வரியில் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, திரையில் இருந்த பதில்களை மறுபடி மறுபடி படித்தார். எல்லாமே எதிர்த்துப் பேசும் பதில்கள். "இவருகிட்ட பணிவா பேச ஒரு ஆப்ஷன் இல்லையா?" என்று கேட்டார்.

சேர்த்தோம். அதற்கடுத்த சுற்றில் அநேகமாக எல்லோரும் அதைத்தான் அழுத்தினார்கள். லீடுக்கும் அந்தக் காட்சி ரொம்பப் பிடித்துவிட்டது.