அம்மாவின் இடது கை

ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தபோது இடது பக்கம் ஒரு டியூபும், அதன் நுனியில் ரத்தநீர் சேரும் டப்பாவும் தொங்கிக்கொண்டிருந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கையை ஆட்டாதீங்க, தையல் பிரிஞ்சிடும்." பெரியம்மா சொன்னார், எதிர்வீட்டு அக்கா சொன்னார், நானும் சொன்னேன். தண்ணீர்ச் சொம்பை எடுக்க அம்மா கை நீட்டினால்கூட ஓடிப்போய் நான் எடுத்துக் கொடுத்தேன். டியூபை எடுத்த பிறகும் அதே கதைதான். இப்படியே ஐந்து வாரம் போனது.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ முதலிலேயே கொடுத்துவிட்டார்கள், பிறகு மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள், அடுத்தது ரேடியேஷன். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து இடம் குறிப்பார்கள். சாய்வான ஒரு பலகையில் படுத்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி அசையாமல் வைத்திருக்க வேண்டும். அம்மாவின் வலது கை போனது. இடது கை தோள் உயரத்தைத் தாண்டவில்லை. அங்கிருந்த பையன் பொறுமையாக, "இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுப் பார்த்தார். அம்மாவின் கண்ணில் தண்ணீர்தான் வந்ததே தவிர கை போகவில்லை. இரண்டு வாரம் பிசியோதெரபி செய்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ரேடியேஷனைத் தள்ளிப்போடுவது என்ன மாதிரி பயத்தைக் கொடுக்கும் என்பது அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். வெளியே வந்து டிஸ்சார்ஜ் சம்மரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாத்திரை இருந்தது, காயத்துக்குக் கட்டு மாற்றும் தேதி இருந்தது, டாக்டரை மறுபடி பார்க்கும் தேதி இருந்தது. கையை எப்படி அசைக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அறுவை சிகிச்சை நன்றாகத்தான் செய்திருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு வரி இல்லாததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பிசியோ மேடம் அம்மாவின் கையை மெதுவாகப் பக்கவாட்டில் விரித்துப் பிடித்து, அக்குளுக்குக் கீழே என் விரலை வைக்கச் சொன்னார். தோலுக்கு அடியில், அக்குளிலிருந்து முழங்கை வரை, இழுத்துக் கட்டின கொடிக்கயிறு மாதிரி ஒன்று விறைப்பாக ஓடியது. அம்மா அதை முன்பே பார்த்திருக்கிறார், நோய்தான் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாரோ. "இதுக்குப் பேரு கார்டிங், நெறிக்கட்டி எடுத்தவங்க நிறைய பேருக்கு வரும்மா, புற்றுநோய் இல்லை, நீட்டி நீட்டி விட்டா தளர்ந்துடும்" என்று மேடம் சொன்ன அந்த நிமிஷத்திலேயே அம்மாவின் தோள் ஒரு அங்குலம் இறங்கியதை நான் பார்த்தேன்.

அப்புறம் எரிச்சல். மேல்கையின் உட்பக்கம் மரத்துப்போய்க் கிடந்தது, ஆனால் ரவிக்கையின் கை அதில் உரசினால் மிளகாய் பட்ட மாதிரி எரியும் என்பார். அக்குளில் கத்தி வைக்கும்போது அந்த இடத்துக்குப் போகும் தோல் நரம்பு அடிபடுவது சகஜம் என்று மேடம் விளக்கினார். டாக்டர் நரம்பு வலிக்கு மாத்திரை கொடுத்தார். கூடவே மேடம் சொல்லிக்கொடுத்தது வேறு மாதிரி: முதலில் பஞ்சால் தடவுங்கள், அது பழகியதும் பழைய வேட்டித் துணி, அப்புறம் பட்டுப் புடவை நுனி, கடைசியில் தேங்காய்ப்பூத் துண்டு. ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. தொடுவது ஆபத்தில்லை என்று நரம்புக்கும் மூளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியவைக்கிற வேலை இது. தேங்காய்ப்பூத் துண்டுக்குப் போய்ச் சேர ஆறு வாரம் ஆனது.

தோளுக்குச் சுவர்தான் மருந்து. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் நண்டு ஏறுவது மாதிரி மேலே ஏறிப்போய், இழுக்கிற இடத்தில் நின்று, மூச்சை விட்டு, பிறகு மெதுவாக இறங்க வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னார். முதல் கோடு அம்மாவின் மூக்குக்கு நேராக இருந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவே சில நாள் ஒரு விரல்கடை, சில நாள் ஒன்றுமே இல்லை. கொல்லையில் பழைய கிணற்றுக் கப்பி ஒன்று கிடந்தது, அதை உத்தரத்தில் மாட்டிக் கயிறு போட்டுக் கொடுத்தேன். நல்ல கை கீழே இழுக்க இழுக்க முடியாத கை மேலே போகும். பன்னிரண்டாம் நாள் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயின, பதினைந்தாம் நாள் ரேடியேஷனுக்கு இடம் குறித்தார்கள்.

நம் ஊரில் பிசியோதெரபி என்றால் "கரண்ட் வைக்கிறது" என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, ஆழமாகச் சூடு கொடுக்கும் டயதெர்மி போன்றவற்றைப் புற்றுநோய் இருந்த இடத்தில் வைக்கக்கூடாது. தெருமுனை கிளினிக்குக்குப் போனால் வியாதியின் பெயரை முதலில் சொல்லுங்கள், வெட்கப்பட்டு மறைத்துத் தோள்வலி என்று மட்டும் சொல்லாதீர்கள். எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த எலும்பில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பயிற்சியே ஆரம்பிக்க வேண்டும்.

பிசியோ மேடத்தின் அறையில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்காருவார். வாய்ப் புற்றுநோய், ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்து தாடை இறுகிவிட்டது. இட்லியை விண்டு வாய்க்குள் தள்ளக்கூட இடமில்லை. ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்வரிசைக்கு நடுவே வைத்துப் பிடிப்பார், சில நாளுக்கு ஒரு குச்சி கூடும். சாதாரணமாக நம் வாய்க்குள் மூன்று விரல்கள் நெடுக்காகப் போகும், அவருக்கு ஒன்று போவதே சிரமம். பதினோராவது குச்சி நுழைந்த அன்று அவர் எண்ணிக் காட்டியதும் அறையே கை தட்டியது.

வீக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். நெறிக்கட்டி எடுத்த கையில் நிணநீர், அதாவது உடம்பின் சதையிலிருந்து நெறிக்கட்டிகள் வழியாக வடிகிற நீர், தேங்கி வீங்கலாம், மாதங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். யானைக்காலில் நடப்பதும் இதுதான், அங்கே வடிகாலைக் கெடுப்பது புழு, இங்கே சிகிச்சை. அம்மாவின் கை லேசாக உப்பியதும் பெரியம்மா எண்ணெய் போட்டு அழுத்தி நீவலாம் என்றார். கூடாது. நிணநீரை வடிக்கிற முறை தோலை மட்டும் நகர்த்துகிற அளவுக்கு மெல்லிய தடவல், அதை முறையாகப் படித்தவர்தான் செய்யவும் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். அதோடு பல அடுக்குக் கட்டு, அளவெடுத்துக் கை முழுக்கப் போடும் இறுக்கமான உறை, பயிற்சி, தோலில் கீறல் புண் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் சேர்ந்தால்தான் வீக்கம் கட்டுக்குள் நிற்கும்.

அந்தக் கையால் இனி எதையும் தூக்கவே கூடாது என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: 2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அமெரிக்க ஆய்வு, ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை வைத்து நடந்தது. மெல்ல மெல்லக் கூட்டி எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை, திடீரென்று மோசமாவதும் குறைந்தது. பிரிட்டனில் 392 பெண்களை வைத்து நடந்த ப்ராஸ்பர் ஆய்வு 2021-இல் வெளியானது. தோள் இறுகும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களில் ஒரு பாதிக்குக் குறிப்புத்தாள் மட்டும், மறு பாதிக்கு அறுவை முடிந்த 7 முதல் 10 நாளிலேயே பிசியோ பயிற்சி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பயிற்சி செய்தவர்களுக்குக் கை நன்றாக வேலை செய்தது, வலியும் குறைவு, காயத்தில் சிக்கல் கூடவில்லை. ஏழாம் நாள்! நான் சொம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்த நாள் அது.

அதனால் ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே கேளுங்கள்: பிசியோ யார், எந்த நாளிலிருந்து, டியூப் இருக்கும்போது எதைச் செய்யலாம்? பொதுவாக மறுநாளே விரல், மணிக்கட்டு, முழங்கை அசைக்கச் சொல்வார்கள், டியூப் இருக்கும்வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்பார்கள். உங்கள் டாக்டர் சொல்கிற அளவுதான் அளவு. காசு இல்லையென்று விட்டுவிட வேண்டாம், அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்தும் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா வந்து, தன் நாத்தனாருக்கும் இதே ஆபரேஷன் என்று அழுதார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பிசியோகிட்ட பேசியாச்சா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து சுவர்ப் பக்கம் போய் நின்று, எப்படி ஏற வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.