இரும்பு மாத்திரையும் பத்து மணித் தேத்தண்ணியும்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் குடும்ப நல உத்தியோகத்தராக வேலை பார்க்கிறேன். கர்ப்பிணித் தாயின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழே வந்தால் இரத்தச்சோகை. இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்புவோம். பலருக்கு அடுத்த முறை பார்த்தாலும் எண் ஏறியிருக்காது.

மாத்திரையில் குறை இல்லை. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்கிற, பால் விடாத சாயத் தேத்தண்ணி இரும்பை உடம்பில் சேரவிடாது. கல்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் இன்னும் மோசம். சிலருக்கு வயிற்றைப் புரட்டும், மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடுவார்கள்.

“தேத்தண்ணி இல்லாம இந்த மலை ஏற முடியுமா மிஸ்?” என்று ஒரு அக்கா கேட்டார். நியாயம்தானே. விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைத் தோட்டத்துப் பராமரிப்பு நிலையமான பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் குளிரில் கொழுந்தெடுக்கப் போகிறவரிடம் தேத்தண்ணியை விடு என்று சொல்ல எனக்கே கூச்சம். அதுவும் தேயிலைத் தோட்டத்தில்! பத்து மணித் தேத்தண்ணியைத் தாராளமாகக் குடியுங்கள், இரும்பு மாத்திரையை மட்டும் விற்றமின் சி மாத்திரையோடு இரவு படுக்கப் போகும்போது போடுங்கள் என்றேன். “அப்படின்னா சரி” என்றார். வீட்டில் மாமியாரிடமும் இதையே ஒரு தடவை சொல்லிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் மூன்று மாதம் தாண்டியதும் பூச்சி மருந்தும் கொடுக்கிறோம். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1916இல் அமெரிக்காவின் ரொக்கபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில், குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சிச் சோகையைக் கொண்டுவரும் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தொடங்கினார்கள். மருந்தில் புழு செத்தது. ஆனால் ஒழுங்கான மலசலகூடம் இல்லாத இடங்களில், வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தோலைத் துளைத்துக்கொண்டு மறுபடி ஏறியது. பிறகு 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு வந்தது. நான் இன்று வீடு வீடாகப் போகிற வேலைக்கு வேர் அங்கேதான்.

அறிவுரை முழுவதும் தாயின் தலையில். குழாயும் மலசலகூடமும் தோட்ட நிர்வாகத்தின் கையில். எனக்கு இது சரியாகப் படவில்லை. அதனால் இப்போது கர்ப்பிணிகளின் விபரத்தோடு, அவர்களுடைய லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) உடைந்து கிடக்கும் மலசலகூடங்களையும் எழுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுக்கிறேன். சிலவற்றைத் திருத்தியிருக்கிறார்கள். மேல் லயத்துக் குழாய்க்கு இன்னும் ஆள் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் திரும்பவும் கேட்க வேண்டும்.