சிமிட்டிய எண்

கேமராவுடன் முதன்முறையாக வேடந்தாங்கலுக்குப் போன ஜனவரி மாலையில், கூட்டுக்குத் திரும்பிய மஞ்சள் மூக்கு நாரைகளை நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன்; வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவை கரிக்கட்டையால் வரைந்தவை போல இருண்டு கிடந்தன. சிறகின் ஒவ்வொரு இறகும் அசைவின்றித் தெளிவாகவே பதிந்திருந்தது. வெளிச்சம்தான் இல்லை.

தானியங்கி முறையில் எடுத்த பழைய படங்களில் பறவைகள் கலங்கலாக வந்ததால், இம்முறை ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை, நானே தீர்மானிக்க எண்ணி, மேல்சக்கரத்தை ஷட்டர் முன்னுரிமைக்குத் திருப்பி 1/1000 நொடி என்று வைத்திருந்தேன். கேனான் கேமராக்களில் இம்முறைக்கு 'டிவி' என்றும் நிக்கானில் 'எஸ்' என்றும் குறியீடு இருக்கும். (அதைப் பார்த்த என் மாமா, கேமராவைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் வசதி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.) வேகத்தை நாம் சொல்லிவிட்டால், அதற்கு ஏற்ற அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, கேமரா தேர்ந்துகொள்ளும் என்ற அளவில்தான் எனக்கு அன்று தெரியும்.

ஆனால் லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவுதான் கேமராவால் திறக்க முடியும். என்னுடைய 55-250 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. நீட்டத்தில் எஃப் 5.6-க்கு மேல் விரியாது (இந்த எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). சூரியன் சாயச் சாய, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரின் அடியில் அந்த 5.6 என்ற எண் விடாமல் சிமிட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்தும், அது 'இதற்குமேல் என்னால் ஆகாது' என்ற எச்சரிக்கை என்பது எனக்குப் புரியவில்லை. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ-வையோ 100-இலேயே விட்டிருந்தேன். அதை 1600-க்கு உயர்த்தியிருந்தால் சென்சாரின் பதிவு 16 மடங்கு பிரகாசமாகியிருக்கும், கொஞ்சம் புள்ளி தெரிந்தாலும் படம் பிழைத்திருக்கும்.

அடுத்த முறை ஐ.எஸ்.ஓ-வைத் தானியங்கியில் வைத்து, உச்சவரம்பை 3200 என்று குறித்துக்கொண்டு போனேன். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பறக்கும் நாரை நிழலுருவமாகிவிடுவதால் கேமரா கணிக்கும் வெளிச்சத்தை நாம் மாற்றும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலைக் கூட்டவும், இருண்ட மரக்கிளையில் அமர்ந்த வெள்ளைக் கொக்கு வெளுத்துப் போவதால் அதைக் குறைக்கவும் அன்றுதான் பழகினேன். கூழைக்கடாவின் போக்கிலேயே கேமராவையும் திருப்பி 1/60 நொடியில் எடுக்கவும் முயன்றேன். முப்பதில் இரண்டு தேறின.

இதே பாடம் தலைகீழாக வந்தது குற்றாலத்தில். ஐந்தருவியின் நீரைப் பட்டுநூல் போலக் காட்ட வேண்டும் என்று ட்ரைபாடில் கேமராவைப் பொருத்தி, லென்ஸின் அதிர்வுக் கட்டுப்பாட்டை அணைத்து, 1/4 நொடி வைத்தேன். இப்போது சிமிட்டியது எஃப் 22. பகல் வெளிச்சம் மிகுதி, லென்ஸை அதற்குமேல் சுருக்க முடியாது, ஐ.எஸ்.ஓ-வும் 100-க்குக் கீழே இறங்காது. இம்முறை அந்த எண்ணின் மொழி தெரிந்திருந்ததால், பையிலிருந்து வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. ஃபில்டரை எடுத்து மாட்டினேன். சிமிட்டல் நின்று, எஃப் 16 என்று காட்டியது. சாரல் படிந்த ஃபில்டர் கண்ணாடியை ஒவ்வொரு படத்துக்கும் துடைக்க வேண்டியிருந்ததுதான் மிச்சத் தொல்லை. கொண்டுபோன துணியும் அரைமணியில் ஈரமாகி, கடைசியில் பனியனின் உலர்ந்த ஓரத்தால் துடைத்து எடுத்த படமே இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.