வெள்ளிக்கிழமைத் தாள்: டர்பன்லேருந்து ஒரு நாட்குறிப்பு

4 ஆகஸ்ட் 2023, வெள்ளி

ஆடி மாசம், தென்னாப்பிரிக்காவுல டர்பனோட நம்ம பேட்டை சாட்ஸ்வொர்த்ல எந்தத் தெருவுக்குப் போனாலும் கூழ் ஊத்துறாங்க. நம்ம தாள் இன்னிக்குக் கோயில் வாசல்லயே தீந்துபோச்சு, மசாலாக் கடைக்குக் கொடுத்தனுப்பக் கூட மிச்சமில்ல. புதுசா படிக்க வர்றவங்களுக்குச் சொல்லிடறேன், இது ஏ4 தாள் ஒண்ணு, ரெண்டு பக்கம், பெரிய எழுத்து, எல்லாம் தமிழ், வாராவாரம் வெள்ளிக்கிழமை காலைல வரும்.

ஏன் தீந்துச்சுன்னா முதல் பக்கத்துலயே கூழ் தான். மீலிமீலை, அதாவது மக்காச்சோள மாவை, எப்ப கரைச்சு வெக்கணும், எப்படிப் புளிக்க விடணும், மாஸ்ங்கிற புளிச்ச பாலை எப்ப ஊத்தணும், பொடி வெங்காயம் எப்ப போடணும்னு ரெண்டு மூணு வீட்டு ஆயாக்கள், அதாவது பாட்டிங்க, கிட்ட கேட்டு எழுதினோம், ஒவ்வொருத்தங்க கைப்பக்குவமும் வேற, அதையும் அப்படியே போட்டோம். இதே சமாச்சாரத்த ஆவணியில போட்டிருந்தா ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்க. சனங்களுக்கு எது எப்ப வேணுமோ அதுக்கு ஒரு வாரம் முந்தியே அவங்க கைக்குப் போயிடணும். அதனால எங்க காலண்டர்ல புரட்டாசிக்கு முன்னாடி சைவச் சமையல், தைப்பூசத்துக்கு முன்னாடி காவடி விரதம், ஈஸ்டருக்கு முன்னாடி மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் திருவிழான்னு இப்பவே குறிச்சு வெச்சிருக்கோம்.

18 ஆகஸ்ட், வெள்ளி

இன்னிக்குக் கோயில் திண்ணையில ஒரு பொண்ணு தாளை வெச்சு அவங்க ஆயாவுக்குப் படிச்சுக் காட்டிட்டிருந்தா. அந்தப் பொண்ணு சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வர்றவ, எழுத்துக்கூட்டிப் படிப்பா, ஆனா பாதி அர்த்தம் தெரியாது. ஆயாவுக்கு எழுத்து தெரியாது, ஆனா காதுல விழுந்ததெல்லாம் புரியுது, "அது அப்படியில்லடி கண்ணு, இப்படி"ன்னு நடுவுல திருத்திச் சொல்றாங்க. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு வாசகர். நம்ம ஊர்ல பெரும்பாலான வீட்டு நிலைமை இதுதான், தமிழ் பேசுறது குறைஞ்சுபோய் எத்தனையோ வருசம் ஆச்சு.

அப்போ நாம எழுதுறது கண்ணுக்கு இல்ல, காதுக்கு. சத்தமா படிச்சா மூச்சு முட்டாத வாக்கியமா இருக்கணும். நான் எழுதி முடிச்சதும் வாய்விட்டுப் படிச்சுப் பாப்பேன், எங்க நாக்கு இடறுதோ அந்த இடத்த மாத்திடுவேன்.

இது இந்த ஊருக்குப் புதுசும் இல்ல. 1903ல டர்பன்ல ஆரம்பிச்ச, காந்தி நடத்தின இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை இங்கிலீஷ், குஜராத்தி, ஹிந்தி, தமிழ்னு நாலு மொழியில வந்துச்சு. அதுக்கு ஒரு காலத்துல சந்தாதாரர் 3,500 பேர் தானாம், ஆனா எழுத்து தெரிஞ்ச ஒருத்தர் படிக்க மத்தவங்க சுத்தி உக்காந்து கேப்பாங்கன்னு காந்தியே பின்னால எழுதியிருக்கார். பல பேர் சேந்து ஒரு பிரதி வாங்கினதும் உண்டு. அப்படின்னா எத்தனை தாள் அடிச்சோம்ங்கிற கணக்க விட ஒரு தாள் எத்தனை காதுக்குப் போச்சுங்கிறது தான் எனக்கு முக்கியம்.

8 செப்டம்பர், வெள்ளி

இந்த வாரம் மறுபடியும் ஸ்டேஜ் 6 லோட்ஷெடிங், அதாவது ஒரு நாளைக்குப் பல தடவை முறை வெச்சுக் கரண்ட் கட். நேத்து ராத்திரி பிரிண்ட் எடுக்க உக்காந்த நேரம் கரண்ட் போச்சு, திரும்பி வரும்போது எல்லாரும் தூங்கி வழியுறோம். "விடுங்க டீச்சர், சனிக்கிழமை குடுத்துக்கலாம்"னு பிரிண்ட் போடுற அண்ணன் சொன்னார், பாவம் அவருக்குக் காலைல ஷிப்ட் வேற. நான் ஒத்துக்கல, அவரும் முகம் சுளிக்காம உக்காந்து முடிச்சுக் குடுத்தார்.

எனக்கு எப்பவும் மனசுல ஓடுறது 1904 டிசம்பர் தான். பீனிக்ஸ்ல, காந்தி அமைச்ச குடியிருப்பு, நம்ம வீட்டுலேருந்து கார்ல போற தூரம், அங்க இந்தியன் ஒப்பீனியன் அச்சகத்த மாத்திட்டுப் போய் முதல் இதழ் அடிக்கிற ராத்திரி ஆயில் இன்ஜின் நின்னுபோச்சு. கையால சுத்துற சக்கரம் ஒண்ணு முன்னெச்சரிக்கையா வெச்சிருந்தாங்க, அதுக்கு ஒரு தடவைக்கு நாலு ஆள் வேணும். வேலை முடிச்சுப் படுத்துக் கிடந்த தச்சர்களை எழுப்பி, காந்தி, அச்சகத்தப் பாத்துக்கிட்ட அவர் நண்பர் வெஸ்ட் எல்லாரும் மாறி மாறி விடியுற வரைக்கும் சுத்தியிருக்காங்க. காலைல இன்ஜின் தானா ஓட ஆரம்பிச்சுச்சு, பத்திரிகையும் சொன்ன நாள்ல போய்ச் சேந்துச்சு. அங்க கூடியிருந்தவங்க எல்லாம் நாள் தவறக் கூடாதுங்கிறதுல அவ்வளவு பிடிவாதமா இருந்தாங்க.

வெள்ளிக்கிழமைன்னா தாள் இருக்கும்ங்கிற நினைப்பு சனங்க மனசுல ஊறணும். ஒரு வாரம் வந்து பாத்துட்டு வெறுங்கையோட போனா அடுத்த வாரம் கை தானா நீளாது. தாள் சுமாரா இருந்தா மன்னிச்சுடுவாங்க, இல்லாம போனா மறந்துடுவாங்க.

22 செப்டம்பர், வெள்ளி

நாளைக்குப் புரட்டாசி முதல் சனி. சைவச் சமையல் போட்டாச்சு, அதப் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல.

சொல்ல வந்தது "ஊர் தேடல்" பகுதி பத்தி. 1860 நவம்பர் 16ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்லேருந்து 342 பேர் வந்து இறங்கினாங்க, அதுலேருந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா நேட்டாலுக்கு, டர்பன் இருக்கிற இந்தப் பகுதிக்கு, வந்தவங்க 1,52,184 பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, உடம்புல இருக்கிற அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம்னு கப்பல் பட்டியல்ல எழுதி வெச்சிருக்கான். கிராமப் பேரெல்லாம் வெள்ளைக்காரன் காதுல விழுந்த மாதிரி எழுதினது, கண்டுபிடிக்கிறதே பெரிய பாடு. வாசகர் யாராச்சும் தாத்தாவோட காகிதத்த கொண்டு வந்தா நாங்க உக்காந்து, வட ஆற்காடா சித்தூரா, எந்த ஊரா இருக்கும்னு மேப் வெச்சுத் தேடி அடுத்த வாரம் எழுதுறோம். உறுதியா தெரியலன்னா இன்னும் தேடுறோம்னு போட்டுட்டு அதுக்கடுத்த வாரம் தொடர்றோம்.

இந்தப் பகுதி வந்ததுக்கப்புறம் தான் தாளைக் கேட்டு வாங்குறாங்க. தன் குடும்பத்துப் பேரு வர்ற வாரம் அக்கா தங்கச்சி சித்தப்பா பிள்ளைங்க எல்லாருக்கும் ஒவ்வொண்ணு வேணும்னு நிப்பாங்க, அடுத்த வீட்டுக்காரர் நம்ம ஊர் எப்ப வரும்னு நிப்பார். வெளியூர் சேதி, சினிமா சேதி எல்லாம் போன்லயே கொட்டிக் கிடக்கு, அத நாம எதுக்கு திருப்பிச் சொல்லணும். இங்க மட்டும் தான் கிடைக்கும்ங்கிற ஒண்ணு இருந்தாத்தான் ஆள் திரும்ப வரும். கேட்டவங்களுக்குப் பதில் வரும்ங்கிற நம்பிக்கையும் வேணும், அதனால கேள்வி எவ்வளவு சின்னதா இருந்தாலும் பதில் எழுதாம விடுறதில்ல.

13 அக்டோபர், வெள்ளி

கமிட்டி மீட்டிங்ல ஒரு பெரியவர், நல்ல மனுசர், தினமும் போடலாமே, நாலு பக்கம் ஆக்கலாமே, கடை விளம்பரம் வாங்கலாமேன்னார். ஆசை தான் எனக்கும். ஆனா எழுதுற கை ஒண்ணு, அடிக்கிற கை ஒண்ணு. தினமும் போட ஆரம்பிச்சா ஒரு மாசம் ஓடும், அப்புறம் நாள் தவறும்.

மறுபடியும் அந்தப் பழைய பத்திரிகையத் தான் சொல்ல வேண்டியிருக்கு. இந்தியன் ஒப்பீனியன்ல தமிழ்ப் பகுதி 1906லயே நின்னுபோச்சு, ஹிந்தியும் கூடவே நின்னுச்சு. தமிழ் தெரிஞ்ச ஆசிரியரும் அச்சுக் கோக்கிற ஆளும் சரியா அமையல. படிக்க ஆளில்லாம நிக்கலங்கிறது தான் வயித்தெரிச்சல், 1908லயே பி.எஸ். ஐயர் இதே டர்பன்ல ஆப்ரிக்கன் க்ரானிக்கிள்னு தமிழும் இங்கிலீஷும் கலந்து வாரப் பத்திரிகை ஆரம்பிச்சார். வாசகரைப் பிடிச்சு வெக்கிறதப் பத்தி எல்லாரும் பேசுறோம், எழுதுறவங்கள வளக்குறதப் பத்தி யாரும் பேசுறதில்ல. ரெண்டாவது கை வந்தப்புறம் பக்கத்தக் கூட்டலாம்னு பெரியவர்கிட்ட சொன்னேன், தலையாட்டினார், முழு மனசா தெரியல.

16 நவம்பர், வியாழன்

கப்பல் வந்த நாள். தீபாவளி அலைச்சல் இன்னும் உடம்புல இருக்கு, ஆனாலும் நாளைக்கு உள்ள தாள் ரெடி.

ஆகஸ்ட்ல ஆயாவுக்குப் படிச்சுக் காட்டின பொண்ணு "ஊர் தேடல்" இந்த வாரம் தானே எழுதினா, தன் ஆயா வழி குடும்பத்தப் பத்தி. என்னை விட நல்லா வந்திருக்கு, எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன், அவ பேச்சு நடைய தொடல. கீழ அவ பேரையும் போட்டாச்சு. அடுத்த வாரமும் அவளே எழுதட்டும், டிசம்பர்ல ஸ்கூல் லீவு விட்டா இன்னும் ரெண்டு பிள்ளைங்கள அவ கூட்டிட்டு வர்றாளாம், அவங்களுக்கு டைப் பண்ணச் சொல்லித் தரணும், தமிழ் கீபோர்ட் போட்ட பழைய லேப்டாப் யார்கிட்டயாவது இருந்தா கோயில் ஆபீஸ்ல குடுங்க.