நிற்பதென்றால் சொல்லிவிட்டு நில்லுங்கள்

ஐந்தாம் செமஸ்டரில் எனக்குக் கல்லூரி கசந்துபோனது. பல்லடத்தில் கோவை பஸ் ஏறுவேன். கல்லூரிக்குப் போகாமல் சூலூரில் இறங்கி, சாயங்காலம் வரை குளக்கரையில் உட்கார்ந்திருப்பேன். மெக்கானிக்கலில் இரண்டு அரியர் இருந்தது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. பாஸ் பண்ணினால் என்ன, பண்ணாவிட்டால் என்ன என்கிற வெறுமை.

ஒருநாள் தறிக்குடோனில், படிப்பை விட்டு நிற்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நின்னுக்கோ சாமி. ஆனா நின்னு என்ன பண்ணப் போறேன்னு சொல்லிப்போட்டு நில்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பாததால் பத்து நாள் தறியில் நின்றேன். ஒரு தறியில் ஏதோ கோளாறு. ஃபிட்டர் அண்ணன் வந்து, சுழன்று மற்ற பாகங்களை அசைக்கும் 'கேம்' (cam) ஒன்றை லேசாகத் திருப்பி வைத்தார், சரியாகிவிட்டது. நான் அரியர் வைத்திருந்த தியரி ஆஃப் மெஷின்ஸில் பக்கம் பக்கமாக வரைந்த அதே கேம்! உடனே ஞானம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான், வரவில்லை. வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: என்னைப் போல நழுவாதீர்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால், படிப்பதா நிற்பதா என்பதை உங்களுக்குப் பதில் ரெஜிஸ்டரே முடிவு பண்ணிவிடும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால், உடல்நலம் மாதிரித் தகுந்த காரணத்துக்கு 'பிரேக் ஆஃப் ஸ்டடி', அதாவது படிப்பில் தற்காலிக இடைவெளி, கேட்கலாம். துறைத்தலைவர் வழியாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பி.இ. முடிக்க மொத்தம் 7 வருடம் உண்டு, இடைவெளியும் அதில் சேர்த்தி.

என் நண்பன் ஒருவன் நின்றேவிட்டான். அவன் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். எழுதிக் கொடுத்து, டி.சி., மார்க் ஷீட் எல்லாம் கையில் வாங்கிக்கொண்டு கோவை கணபதி பகுதியில் லேத் பட்டறைக்குப் போனான். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே அறிவித்திருக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், "படிப்பு எதுக்கு" என்ற கேள்வி "நான் இருந்துதான் எதுக்கு" என்று திரும்பினால், அது கல்லூரிப் பிரச்சினை இல்லை. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், காசில்லை. நான் ஒருமுறை ராத்திரி கூப்பிட்டிருக்கிறேன்.

எனக்கு வருகைப்பதிவு மயிரிழையில் தப்பியது. அந்த அரியர் மூன்றாவது முறையில்தான் போனது. சொன்னபோது அப்பா அறுந்த பாவு நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து, "இன்னொன்னு?" என்றார்.