திருவொற்றியூர்க் கருங்கல்லும் காற்றில் வரும் கந்தகமும்

கருங்கல் கோயிலைப் புகை என்ன செய்துவிடும் என்று வடசென்னையில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தாஜ்மகாலுக்கு நேர்ந்ததை அனைவரும் அறிவோம். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வெளிவரும் கந்தக டைஆக்சைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, பளிங்கிலுள்ள கால்சியம் கார்பனேட்டை ஜிப்சமாக மாற்றிவிடுகிறது. ஜிப்சம் பளிங்கைவிட எளிதாக நீரில் கரையும் என்பதால், மழை படும் பரப்பு சிறிது சிறிதாகக் கரைந்து போகிறது. மழை படாத மடிப்புகளில் அது கரித்துகளைப் பிடித்துக்கொண்டு கறுப்புப் பொருக்காகத் தங்கி, பின்னர் கல்லின் மேற்பரப்பையும் பெயர்த்துக்கொண்டு உதிர்கிறது. இதனால்தான் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், ஆக்ரா சுற்றுவட்டாரத்தில் நிலக்கரியும் அதிலிருந்து செய்யப்படும் கோக் என்ற எரிபொருளும் எரித்துவந்த ஆலைகளை இயற்கை எரிவாயுவுக்கு மாறவோ இடம்பெயரவோ உத்தரவிட்டது.

திருவொற்றியூர் தியாகராஜசுவாமி கோயிலின் கல் வேறு வகை. முதலாம் இராசேந்திரன் காலத்தில் கல்லால் எடுக்கப்பட்ட, பின்புறம் வளைந்த தூங்கானை மாட வடிவக் கருவறையில் கரைவதற்குச் சுண்ணாம்பு இல்லை. கருங்கல்லின் முக்கியக் கனிமங்களான குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் அமிலத்துக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு கோயில் என்பது கருங்கல் மட்டுமன்று. கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள், பழைய செங்கல் கட்டுமானத்தைப் பிணைக்கும் சுண்ணாம்புச் சாந்து, தளத்தின் பூச்சு ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது தாஜ்மகாலின் பளிங்கில் உள்ள அதே கால்சியம் கார்பனேட்தான். மேற்கே மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்குகிறது, வடக்கே எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையங்கள், கிழக்கே கடல். உப்புக் காற்று நுண்துளைகளில் புகுந்து, வெயிலில் படிகமாகி, உள்ளிருந்தே பூச்சை வெடிக்கச் செய்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கோயிலுக்குள் காணும் கருமையை எல்லாம் ஆலைகளின் கணக்கில் எழுதிவிட முடியாது. பல நூற்றாண்டு எண்ணெய் விளக்குகளுக்கும் கற்பூரத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

பொதுவாக நம் கோயில்களில் இந்தச் சேதம் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், திருப்பணிதோறும் சுதைக்குப் புதுச் சாந்து பூசி வண்ணம் அடித்துவிடுவதுதான். உதிர்ந்த மூக்கும் விரலும் புதிதாக முளைத்துவிடுகின்றன. எவ்வளவு உதிர்ந்தது என்பதற்குச் சான்று எதுவும் எஞ்சுவதில்லை. சிமெண்டும் எனாமல் வண்ணமும் சேர்ந்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கேடு இன்னும் விரைவாகிறது. கருமையைப் போக்க மணலைப் பீய்ச்சி அடிக்கும் முறையோ புகையைவிடக் கொடியது: அமிலத்துக்கு அசையாத கருங்கல்லில் ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்துகளின் விளிம்பை அது ஒரே நாளில் மழுக்கிவிடும். தாஜ்மகாலில் செய்வதுபோல் களிமண் பற்றிட்டு உலரவிட்டு, நல்ல நீரால் கழுவுவது மெதுவான வேலைதான் என்றாலும், கல்லுக்குப் பாதுகாப்பானது.

அடுத்த முறை சாரம் கட்டப்படும்போது, சாந்து குழைப்பதற்கு முன்பே ஒவ்வொரு சுதை உருவத்தையும் கல்வெட்டையும் ஒரே கோணத்தில், அளவுகோல் வைத்துப் படமெடுத்து, மணலிக் காற்றின் கந்தக அளவீடுகளோடு சேர்த்துத் திருப்பணிக் கோப்பில் வைக்க வேண்டும்.